கதை எந்தக் கல்லறையைத் தோண்டியது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

ரத்தக்காட்டேரிகளும் பேய்களும் அரக்கர்களும் வரும் கதைகள், படங்கள் மூடநம்பிக்கையை வளர்க்கின்றனவா, பயத்தை நேருக்கு நேர் பார்க்கக் கற்றுத்தருகின்றனவா? இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். இந்தக் கதைகள் பகுத்தறிவைக் கெடுக்கின்றன என்றார். வேற்று ஆளைக் கண்டால் அரக்கன் என்று எண்ண வைக்கின்றன என்றார். பிள்ளைகளின் தூக்கத்தைப் பறிக்கின்றன என்றார். அஞ்சி அஞ்சிச் சாகிறவர்களைக் கண்டு பாரதி நெஞ்சு பொறுக்காமல் பாடியதையும் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

பாரதி யாரைக் கண்டு வருந்தினான்? மரத்திலும் குளத்திலும் பேய் இருக்கிறது என்று நம்பியவர்களைக் கண்டு வருந்தினான். கதை கேட்டவர்களைக் கண்டு அல்ல. நம்பிக்கையையும் கதையையும் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் நண்பர் தம் வாதத்தைத் தூக்கி வந்திருக்கிறார். அந்த முடிச்சை நான் அவிழ்க்கிறேன்.

1892ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலம், எக்ஸிட்டர் என்ற ஊர். ஒரு விவசாயக் குடும்பத்தில் தாய் காசநோயில் போய்விட்டாள். மூத்த மகளும் போய்விட்டாள். ஜனவரியில் 19 வயது மெர்சி பிரவுனும் இறந்துபோனாள். மிச்சமிருந்த மகன் எட்வின் இருமி இருமி உருகிக்கொண்டிருக்கிறான். ஊர் என்ன சொன்னது தெரியுமா? செத்தவர்களில் ஒருத்திதான் இவன் உயிரை உறிஞ்சுகிறாள் என்றது. தகப்பனுக்கு மனமில்லை, ஊர் விடவில்லை. மார்ச் மாதம் மூன்று உடல்களையும் வெளியே எடுத்தார்கள். தாயும் மூத்தவளும் கிட்டத்தட்ட எலும்பாகியிருந்தார்கள். கடுங்குளிரில் இரண்டே மாதம் கிடந்த மெர்சியின் உடல் கெடவில்லை, இதயத்தில் ரத்தம் இருந்தது. கூட நின்ற மருத்துவர், இது இயற்கைதான், நுரையீரலில் காசநோயின் அடையாளம் தெரிகிறது என்று சொல்லியும் பார்த்தார். யார் கேட்டார்கள்? அந்தப் பெண்ணின் இதயத்தையும் ஈரலையும் ஒரு பாறையின் மேல் வைத்து எரித்தார்கள். அந்தச் சாம்பலைக் கரைத்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவனும் இறந்தான்.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் உலகுக்கு அறிவித்துப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது! நடுவர் அவர்களே, அந்த ஊராருக்கு இதைக் கற்றுக்கொடுத்தது எந்தத் திரைப்படம்? சினிமா பிறக்கவில்லை. டிராகுலா என்ற ரத்தக்காட்டேரி நாவல் வெளிவர இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. அவர்கள் கையில் இருந்தது மருந்தில்லாத ஒரு நோயும், வாய்விட்டுச் சொல்ல வழியில்லாத பயமும்தான். இதற்கு முன்பும் இப்படித்தான். ஐரோப்பாவில் ரத்தக்காட்டேரிப் பயத்தில் பிணங்களைத் தோண்டுவதை 1755இல் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா ஆணை போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. கல்லறையைத் தோண்டியது நம்பிக்கை. கதை எந்தக் கல்லறையைத் தோண்டியது?

கதை செய்தது வேறு வேலை. சூரிய வெளிச்சம் பட்டால் ரத்தக்காட்டேரி அழிந்துவிடும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும், ஏதோ ஆதிகாலத்து நம்பிக்கை போல. பிராம் ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான்! வெளிச்சத்தில் அவனை அழித்தது 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மானிய மௌனப்படம். அதுவும் உரிமை வாங்காமல் எடுத்த படம். ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்து, பிரதிகளை எல்லாம் அழிக்கச் சொல்லித் தீர்ப்பே வந்தது. தப்பிப் பிழைத்த சில பிரதிகளால்தான் இன்று நாம் அதைப் பார்க்கிறோம். அதற்குப் பிறகு எத்தனை பேர் அந்த விதியை மாற்றி எழுதினார்கள்! ஒருவர் கதையில் வெயிலில் எரிகிறான், இன்னொருவர் கதையில் மின்னுகிறான். எது பொருத்தம் என்று இளைஞர்கள் மணிக்கணக்காக மல்லுக்கு நிற்கிறார்கள். இது மனிதன் போட்ட விதி, மனிதன் மாற்றலாம் என்று தெரிந்தவனால்தான் அப்படி வாதாட முடியும். இதைத்தானே நாம் பகுத்தறிவு என்கிறோம்?

இரண்டாவது குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. டிராகுலா கப்பலேறி இங்கிலாந்துக்கு வரும் அந்நியன். அந்நியனைக் கண்ட பயம் அந்த நாவலின் ரத்தத்திலேயே ஓடுகிறது. ஆனால் அந்தப் பயத்தைத் திருப்பிக் கேள்வி கேட்டதும் அரக்கர் கதைதான். 1818இல் வெளிவந்தது மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. எழுதத் தொடங்கும்போது அந்தப் பெண்ணுக்கு வயது 18. அதில் வரும் படைப்புக்குப் பெயர்கூடக் கிடையாது. படைத்தவனே பார்த்துப் பயந்து கைவிட்டு ஓடிவிடுகிறான். அது ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டையொட்டி ஒளிந்துகொண்டு, சுவரின் இடுக்கு வழியாக அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே மொழி கற்றுக்கொள்கிறது. இரவில் அவர்களுக்காக விறகு பொறுக்கி வந்து வாசலில் போடுகிறது. ஒருநாள் துணிந்து உள்ளே போகிறது. கண் தெரியாத முதியவர் அன்பாகப் பேசுகிறார். கண் தெரிந்த மகன் வந்தான். தடியை எடுத்து அடித்தான். இதைப் படிக்கிற பிள்ளை யாரை அரக்கன் என்று நினைக்கும்? 1931இல் படமாக்கியபோது அந்தப் படைப்பைப் பேச்சற்றதாக ஆக்கிவிட்டார்கள். எனக்கு அது இன்றைக்கும் பெரிய வருத்தம். அதன் வாயில்தான் அந்த நாவலின் நியாயமே இருக்கிறது.

1968இல் வந்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தில், நடைபிணங்களோடு இரவெல்லாம் போராடி உயிர் பிழைப்பவன் ஒரு கறுப்பின இளைஞன். விடிந்ததும் துப்பாக்கியோடு வந்த மனிதர்கள் அவனைச் சுட்டுக் கொல்கிறார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட அதே ஆண்டு. அரங்கில் இருந்தவர்களுக்கு யாரும் விளக்கவுரை எழுதித்தர வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைகளின் தூக்கம் பற்றி ஒரு வரி. எந்த வயதில் எதைக் காட்டுவது என்பது பெரியவர்களின் பொறுப்பு. அதற்காகக் கலையைக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

நடுவர் அவர்களே, இன்னும் ஒன்றே ஒன்று. போர் முடிந்தபின் ஜப்பானை ஆண்ட நேச நாட்டு ராணுவ நிர்வாகம் அணுகுண்டின் கொடுமையை எழுதுவதைத் தணிக்கை செய்தது. அந்த ஆட்சி முடிந்தது 1952இல். 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தபோது, ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் கதிர்வீச்சு கலந்த வெள்ளைச் சாம்பல் மழையாகக் கொட்டியது. படகில் 23 பேர். செப்டம்பரில் அந்தப் படகில் வானொலிக் கருவியை இயக்கியவர் இறந்தார். நவம்பரில் 'காட்ஸில்லா' திரைக்கு வந்தது. ஹைட்ரஜன் குண்டால் கிளம்பி வந்த ராட்சத விலங்கு டோக்கியோவை மிதித்துப் போடுகிறது. அது போனபிறகு ஒரு மருத்துவமனைக் காட்சி. ஒரு சின்னக் குழந்தையின் உடம்பருகே கதிர்வீச்சுமானியைக் கொண்டுபோகிறார்கள். கருவி சத்தமிடுகிறது. பார்த்தவர் தலையை அசைத்துக்கொள்கிறார். காயமில்லாமல் உட்கார்ந்திருக்கிற அந்தப் பிள்ளை பிழைக்காது.

ரப்பர் உடை போட்ட ராட்சதன்தான், சந்தேகமில்லை. அடுத்து எழுந்து வரும் எதிரணித் தோழரை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: அந்தக் காட்சியில் எது மூடநம்பிக்கை என்று இந்த அவைக்குச் சொல்லிவிட்டு, உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.