ஒரே குடும்பப் பெயர் என்றால் பங்காளிகளா?

(திரையில்: இங்கிலாந்து வரைபடம். யார்க்‌ஷயர் பகுதி மட்டும் நிறம் மாறுகிறது.)

வணக்கம். சைக்ஸ் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயர், சின்ன ஓடையைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்தது. ஓடை எங்கேதான் இல்லை? ஆகவே ஓடையோரம் குடியிருந்த பல பேருக்குத் தனித்தனியாக இந்தப் பெயர் வந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸுக்கும் அதே பெயர். அவர் சைக்ஸ் என்ற பெயர் கொண்ட 48 ஆண்களின் டி.என்.ஏ.வைச் சோதித்து, 2000-ல் முடிவை வெளியிட்டார். ஏறத்தாழ பாதிப் பேரிடம், ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோம் ஒரே வகை! அந்தப் பாதிப் பேரும் பல நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே மனிதரின் வழிவந்தவர்களாக இருக்க வேண்டும்.

இது எப்படித் தெரிகிறது?

(திரையில்: தாத்தா, அப்பா, மகன். ஒரே நிறக் கோடு மூவரையும் இணைக்கிறது.)

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும்தான் போகும். மற்ற குரோமோசோம்கள் தலைமுறைக்குத் தலைமுறை கலந்துபோகும். ஒய் குரோமோசோமின் பெரும்பகுதி கலக்காமல் அப்படியே இறங்கும். இங்கிலாந்து போன்ற நாடுகளில் குடும்பப் பெயரும் அதே பாதையில்தான் இறங்குகிறது. பெயரும் குரோமோசோமும் கைகோத்து நடக்கின்றன, நடுவில் யாரும் கையை விடாத வரை.

ஒய் குரோமோசோமில் சில இடங்களில் நாலைந்து டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்கு ஓர் இடத்தில் 13 தடவை, இன்னொருவருக்கு 14 தடவை. அந்த எண்ணிக்கையைத்தான் ஆய்வகம் எண்ணித் தருகிறது. இந்த இடங்களுக்கு மார்க்கர் என்று பெயர். ஒரு மார்க்கர் சராசரியாகச் சில நூறு தலைமுறைகளுக்கு ஒருமுறைதான் மாறும். அதனால் இரண்டு பேரின் எண்கள் எவ்வளவு நெருக்கமோ, பொது முன்னோர் அவ்வளவு அண்மையில் வாழ்ந்திருக்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். 12 மார்க்கர் ஒத்துப்போனதும் பங்காளி கிடைத்துவிட்டார் என்று கொண்டாட வேண்டாம். மேற்கு ஐரோப்பிய ஆண்களில் மிகப் பலர் ஒரே பெரிய மரபுக் கிளையைச் சேர்ந்தவர்கள். எந்த உறவும் இல்லாதவர்களுக்கும் அந்த 12 எண்கள் எளிதாகப் பொருந்திவிடும். குறைந்தது 37 மார்க்கராவது பாருங்கள். பெயரும் ஒன்றாக இருந்து, 37-ல் 36 பொருந்தினால், அது பேசத் தகுந்த செய்தி.

பெயர் எவ்வளவு அரிதானது என்பதும் முக்கியம். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜோப்லிங்கும் 40 குடும்பப் பெயர்களை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். அட்டன்பரோ என்ற அரிய பெயர் கொண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்கு ஒரே ஒய் வகை. ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார். அதனால் இரண்டு ஸ்மித்துகளைச் சோதிப்பதும் தெருவில் போகும் யாரோ இருவரைச் சோதிப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பெண்களுக்கு ஒய் கிடையாது. நீங்கள் பெண் என்றால் அப்பா, உடன்பிறந்த சகோதரர், சித்தப்பா, பெரியப்பா மகன் என்று அதே ஆண்வழியில் வந்த ஒருவரைக் கேட்க வேண்டும்.

(திரையில்: லெஸ்டர் நகரக் கார் நிறுத்துமிடம், தோண்டப்பட்ட குழி.)

சரி, பொருந்தவில்லை என்றால்? இங்கேதான் இங்கிலாந்தின் ரிச்சர்டு மன்னரின் கதை வருகிறது. 1485-ல் போரில் இறந்த மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் 2012-ல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்தன. தாய்வழி டி.என்.ஏ. அவருடைய சகோதரியின் வழிவந்தவர்களோடு பொருந்தியது. ஆண்வழியைப் பார்க்க, வம்சாவளிப்படி அதே அரச மரபில் வந்த ஐந்து ஆண்களைச் சோதித்தார்கள். ஒருவர்கூட மன்னரோடு பொருந்தவில்லை! அந்த ஐவரிலேயே நால்வர் ஒரு வகை, ஐந்தாமவர் வேறு வகை. ஆவணங்கள் தெளிவாக இருந்த அரச குடும்பத்திலேயே இரண்டு இடங்களிலாவது சங்கிலி அறுந்திருக்கிறது.

தத்தெடுப்பு, மறுமணம், மனைவி வழிச் சொத்துக்காகப் பெயரை மாற்றிக்கொள்வது, வெளியே சொல்லாத தந்தைமை: காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஐரோப்பிய ஆய்வுகளில் இது தலைமுறைக்கு நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில்தான் வருகிறது. ஆனால் நூற்றுக்கு ஒன்று என்றே வைத்தாலும், 20 தலைமுறையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு வழி அறுந்திருக்கும். அப்படி அறுந்த வழியில் வளர்ந்த பிள்ளையும் அந்த வீட்டுப் பிள்ளைதான். குரோமோசோம் அதை மாற்றாது என்பது என் உறுதியான எண்ணம்.

அதனால் பெரியப்பாவிடம் மாதிரி கேட்கும்போதே, எதிர்பாராத முடிவும் வரலாம் என்று சொல்லிவிடுங்கள். அதைத் தெரிந்துகொள்ள விருப்பமா என்றும் கேளுங்கள். எச்சில் குச்சியை வாங்கிய பிறகு கேட்பது நியாயமில்லை.

அப்புறம், நீங்களும் இன்னொருவரும் பொருந்தவில்லை என்றால் அத்தோடு நிறுத்த வேண்டாம். வம்சாவளியில் பொது முன்னோரின் இன்னொரு மகனின் கிளையில் வந்த மூன்றாமவரைத் தேடுங்கள். அவர் உங்களோடு பொருந்தினால் முறிவு அநேகமாக அடுத்தவர் கிளையில். மூன்றாமவர் அந்த அடுத்தவரோடு பொருந்தினால், தேட வேண்டியது உங்கள் கிளையின் ஞானஸ்நானப் பதிவுகளையும் உயில்களையும்.