ஆறில்லா ஊரின் நீர்க்கணக்கு

எமது சனசமூக நிலைய ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் ஐயா அவர்களே, வேறொரு கூட்டத்தை முடித்த கையோடு நேரே இங்கு வந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, எனக்கு எழுத்தறிவித்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இளைப்பாறிய அதிபர் அவர்களே, குளத்துக் கட்டுக்குக் கல் தருவதாக வாக்களித்திருக்கும் ஆலய பரிபாலன சபையினரே, மாதர் சங்கத்துச் சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நிலம், நீர், சனம் என்ற மூன்றையும் பேசும்படி கேட்டிருந்தார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என நான்கு பெரும் பகுதிகள். மலை கிடையாது. வற்றாத ஆறும் கிடையாது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடலோடு சேரும் வழுக்கையாறுகூட மாரியில் மட்டுமே ஓடும். ‘ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்’ என்பார்கள். ஆனாலும் இந்தச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் விளைகின்றனவே, எப்படி?

காலுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஐப்பசி, கார்த்திகை மழை அதன் வெடிப்புகளால் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மேலே 1 அடி இறங்கினால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறும். இந்தக் கணக்கை ஒவ்வொரு கமக்காரனும் மனப்பாடம் செய்யவேண்டும்.

என் அம்மானுடைய தோட்டத்தில் ஒரு பங்குக் கிணறு இருந்தது. நான்கு குடும்பங்களுக்குப் பங்கு, ஆளுக்கொரு முறைநாள். விடியப்புறத்தில் இருவர் கிணற்றுத் துலா மிதிப்பார்கள், அம்மான் தண்ணீர் அள்ளும் பட்டை பிடிப்பார், மாமி பாத்தி மாறுவார். வெயில் ஏறக் கால் சோரும், இறைப்பும் நிற்கும். கிணறு ஊற அவகாசம் கிடைக்கும். பிறகு பங்காளி ஒருவர் மண்ணெண்ணெய் இயந்திரம் வாங்கினார். அதற்குக் கால் சோருமா? தன் முறையில் பகல் முழுவதும் இறைத்தார், இரவில் மற்றவர் முறையிலும் இறைத்தார். அம்மான் வேலியோரம் நின்று, “தம்பி, கிணறு மூச்சு விடட்டும்” என்றார். “காசு கொடுத்து வாங்கிய இயந்திரம் அண்ணை, சும்மா நிற்கவா?” என்று பதில் வந்தது. அடுத்த கோடையில் மாமி கிணற்றுத் தண்ணீரில் தேநீர் ஊற்றினார். ஒரு மிடறு குடித்த அம்மான் குவளையைத் திண்ணையில் வைத்துவிட்டு, பேசாமல் கிணற்றடிக்குப் போனார். அங்கே இயந்திரக்காரர் கையில் தண்ணீர் ஏந்திச் சுவைத்துக்கொண்டிருந்தார். உவர்! முதலில் கருகியது அவருடைய புகையிலைதான். ஆனால் நான்கு குடும்பமும் சேர்ந்தல்லவா அழுதது!

சனத்தொகைக்கு வருகிறேன். மாவட்டத்தின் இன்றைய எல்லைக்குள் 1981 இல் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தோம். 2012 கணக்கெடுப்பில் 5 இலட்சத்து 83 ஆயிரம். போரும் இடப்பெயர்வும் செய்த வேலை அது. நெடுந்தீவில் நாலாயிரம் பேர்கூட இல்லை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் பாராளுமன்ற ஆசனங்கள் 2010 இல் 9. 2024 இல் 6. இதைப் பற்றி விரிவாகப் பேச ஆசைதான். ஆனால் தண்ணீர் உவரான ஊருக்குப் பிள்ளைகள் திரும்பி வருவார்களா? அதனால் மறுபடியும் தண்ணீருக்கே வருகிறேன்.

பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டத்தை வகுத்தார். ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிப் பக்கம் கொண்டுவருவது அவர் எண்ணம். அது இன்னும் முழுமை பெறவில்லை. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள், நல்லது, குடிக்கலாம். தோட்டத்துக்கு? ஆறில்லா ஊருக்கு அழகு பாழ் என்றால், குளத்தையும் குப்பை கொட்டித் தூர்த்த ஊருக்கு என்ன மிஞ்சும்? குளத்தில் தேங்கும் மழைதான் கிணற்றுக்குள் இறங்கும் நன்னீர்.

பிரதேச செயலாளர் அவர்களிடம் இந்த மேடையில் வைத்தே கேட்கிறேன்: நம் குளத்தின் எல்லையை அளந்து கல் நாட்டித் தாருங்கள். வாய்க்காலை மறித்த மதில்களை அகற்ற உத்தரவு தாருங்கள். தூர்வாரும் வேலையை நாங்கள் செய்கிறோம். ஆவணி பிறந்ததும் சிரமதானம் தொடங்கும். பெயர் பதியும் கொப்பி வாசிகசாலை மேசையில் இருக்கிறது. மண்வெட்டி இல்லாதவர்களுக்கு நிலையம் தரும்.