கொஞ்சம் குறைச்சு வையுங்க

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த ஒலிப்பதிவு அறைக்குள் வரும் முன் என் கைபேசியை வாங்கி வெளியே மேசைமேல் வைத்துவிட்டார்கள். "அணைச்சுத் தரட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம் சார், உள்ளே ஒரு சத்தமும் வராது" என்றார் வாசலில் இருந்த தம்பி. உண்மைதான். அந்தக் கனத்த கதவு மூடியதும் காதில் பஞ்சு அடைத்த மாதிரி ஆகிவிட்டது. சென்னைக்கு வந்து நாற்பது வருஷம் ஆகப்போகிறது, இப்படி ஓர் அமைதியை இந்த ஊரில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். என் மூச்சு எனக்கே கேட்கிறது. கொஞ்சம் கரகரப்பாகத்தான் இருக்கிறது.

'அன்றாட எரிச்சல்கள்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இருப்பது சில நிமிஷம். பட்டியல் போட ஆரம்பித்தால் சில வாரம் ஆகும். அதனால் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். சத்தம்.

நான் குரோம்பேட்டைவாசி. பாரிமுனையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் மூன்று நாள் போய் வருகிறேன். கடற்கரை – தாம்பரம் தடத்தில் 1931லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. நான் வந்தபோது மீட்டர் கேஜ் வண்டி. 2004 வரை அதுதான். அந்த வண்டியிலும் சத்தத்துக்குக் குறைவில்லை. ஒரு மூலையில் சீட்டுக்கச்சேரி, இன்னொரு மூலையில் ஆபீஸ் பஜனை கோஷ்டி, நடுவில் வேர்க்கடலை, இஞ்சி மரப்பா. கிண்டி தாண்டி அடையாற்றுப் பாலத்தில் ஏறினால் சக்கரத்தின் ஓசையே மாறும். தூங்குகிறவர்கள் அதைக் கேட்டுக் கண் விழித்துச் சைதாப்பேட்டையில் இறங்குவார்கள். பஜனைக்காரர்கள் உச்சஸ்தாயிக்குப் போனால் யாராவது ஒருவர், "சாமிக்குக் காது நல்லாத்தான் கேக்கும், கொஞ்சம் மெதுவா" என்பார். அவர்களும் சிரித்துக்கொண்டு ஒரு கட்டை இறக்குவார்கள்.

இப்போது என்ன நடக்கிறது? சென்ற மாதம் ஒரு காலை. பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன். கையில் போன். விரலால் தள்ளிக்கொண்டே வருகிறான். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு சத்தம். ஒருத்தி சிரிக்கிறாள், தள்ளு. ஒருவர் பங்குச்சந்தை ஆலோசனை சொல்கிறார், தள்ளு. ஒரு நாய், தள்ளு. மறுபடியும் அதே சிரிப்பு. எந்தச் சத்தமும் பத்து விநாடிக்கு மேல் நிற்பதில்லை. ஒரு முழுப் பாட்டாக இருந்தால்கூடப் பழகிக்கொள்ளலாம். இதில் காது பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. பல்லாவரம் தாண்டி, திரிசூலம் தாண்டி, மீனம்பாக்கம் வந்தபோது கேட்டேவிட்டேன்.

"தம்பி, இயர்போன் இல்லையாப்பா?"

"இருக்கு சார்."

"போட்டுக்கலாமே?"

"ரொம்ப நேரம் போட்டா காது வலிக்குது சார்."

இதற்கு என்ன பதில் சொல்வது? அவன் காது வலிக்கக் கூடாது என்பதற்காகப் பெட்டியில் இருக்கிற நூறு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் பகிர்ந்துகொண்டிருக்கிறோம். அவன் திமிராகச் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தும் வைத்தான். பழவந்தாங்கலுக்குள் அது தானாக ஏறிவிட்டது.

2025 ஏப்ரலில் இதே தடத்தில் குளிர்சாதன ரயில் விட்டார்கள். சாதாரண வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், இதில் 35. கதவு தானாக மூடிக்கொள்ளும். வெளிச்சத்தம் வராதே, நிம்மதியாகப் போகலாம் என்று ஆசையாக ஏறினேன். ஏறிய பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. இத்தனை நாளும் காற்றும் சக்கரமும் சேர்ந்து நம்மவர்களின் போன்களை ஓரளவு அமுக்கி வைத்திருந்தன. கதவை மூடியதும் எல்லாப் போனும் பளிச்சென்று கேட்கிறது. மூன்று வரிசை தள்ளி ஓர் அம்மா தன் சம்பந்தியைப் பற்றி யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தார். எழும்பூர் வருவதற்குள் அந்தச் சம்பந்தி மேல் எனக்கும் கோபம் வந்துவிட்டது.

சரி, வீட்டுக்கு வருவோம்.

என் அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. காது மந்தம். டிவியை 42இல் வைத்துப் பார்ப்பார். அதில் எனக்கு எரிச்சல் இல்லை, அவருடைய உரிமை அது. எரிச்சல், அதைக் குறைக்கப் போகும்போது. எங்கள் வீட்டில், உங்கள் வீட்டிலும்தான், ரிமோட் இரண்டு. ஒன்று டிவிக்கு, ஒன்று செட்டாப் பாக்ஸுக்கு. சத்தம் இரண்டிலும் உண்டு. பாக்ஸில் குறைத்துவிட்டு டிவியில் கூட்டுவார் ஒருவர். அடுத்தவர் வந்து டிவியில் குறைத்துவிட்டு பாக்ஸில் கூட்டுவார். கடைசியில் எதில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பிளாஸ்டிக் உறை போட்ட அந்த ரிமோட்டை உள்ளங்கையில் நாலு தட்டு தட்டி, பேட்டரியைக் கட்டைவிரலால் ஒரு உருட்டு உருட்டி, கையை நீட்டி அழுத்துவதற்குள் விளம்பரம் வந்துவிடும்.

விளம்பரம் வந்தால் வீடே அதிரும். நாடகம் ஓடியபோது சரியாக இருந்த சத்தம்தான், நாம் கையே வைக்கவில்லை. ஏன் இப்படி என்று ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் எனக்கு விளக்கினார். நாடகத்தில் மருமகள் கிசுகிசுப்பாள், மாமியார் கத்துவாள். சத்தம் ஏறி இறங்கும். விளம்பரத்தில் கிசுகிசுப்பையும் கத்தல் அளவுக்குத் தூக்கி, எல்லாவற்றையும் மேல்மட்டத்திலேயே நெருக்கி அடைத்துவிடுவார்களாம். உச்ச அளவு என்று பார்த்தால் இரண்டுக்கும் ஒன்றுதான். விளம்பரம் அந்த உச்சத்தை விட்டு இறங்குவதில்லை, அவ்வளவுதான். கருவியை வைத்து உச்சத்தை அளந்தால் குற்றம் சொல்ல முடியாது. காதை வைத்து அளந்தால் தெரியும்.

1994ஆம் ஆண்டின் கேபிள் டிவி விதிகளில் இதற்கு ஒரு வரி இருக்கிறது. விளம்பரத்தின் படமும் ஒலியும் அளவுக்கு மீறி உரத்து இருக்கக் கூடாது என்கிறது. ஒலி சரி, படம் எப்படி உரத்து இருக்கும் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் ஒரு நாள் இரவு செய்தி விவாதம் பார்த்தேன். திரையில் ஆறு கட்டம், ஆறு முகம், கீழே இரண்டு வரிசையில் ஓடும் எழுத்து, மூலையில் சுழலும் சிவப்பு உருண்டை. சத்தத்தை முழுக்க அணைத்த பிறகும் அந்தப் படம் கத்திக்கொண்டேதான் இருந்தது.

வீட்டுச் சாமான்கள் வேறு இப்போது பேச ஆரம்பித்துவிட்டன. துணி துவைத்து முடித்தால் மிஷின் ஒரு முழு மெட்டு வாசிக்கிறது. பிரிட்ஜ் கதவு சரியாக மூடாவிட்டால் அது கூவுகிறது. இன்வெர்ட்டர் தன் பங்குக்கு. லிப்டில் கதவு திறக்கிறது, கதவு மூடுகிறது என்று ஓர் அம்மையார் இங்கிலீஷில் சொல்கிறார். மிக்ஸியை விட்டுவிடுகிறேன், சட்னி வேண்டும் என்றால் அதைப் பொறுத்துத்தான் ஆக வேண்டும். போனில் டெசிபல் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி அதன் பக்கத்தில் பிடித்தேன், 85ஐத் தாண்டியது. போன் கணக்கு எவ்வளவு துல்லியமோ! ஒலி மாசு பற்றிய 2000ஆம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45. எங்கள் தெருவில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அடிக்கும் பாட்டு ஒன்றே போதும், அந்தக் கணக்கைத் தீர்த்துவிடும்.

எரிச்சலின் உச்சத்தில் இருந்த ஒரு சாயங்காலம்தான் பூக்காரம்மாவிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழே, பல வருஷமாக அதே இடத்தில் உட்கார்ந்திருப்பவர். இப்போது கூடைக்குப் பக்கத்தில் அந்தச் சின்னப் பெட்டியையும் வைத்திருக்கிறார். பணம் அனுப்பினால் அறிவிக்குமே, அது. இரண்டு முழம் மல்லி வாங்கிக்கொண்டு அனுப்பினேன். "அறுபது ரூபாய் பெறப்பட்டது" என்று அது பிளாட்பாரம் வரைக்கும் கேட்கச் சொன்னது. எனக்குப் பின்னால் இருந்தவர், "முழம் முப்பதா?" என்று ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, இதைக் கொஞ்சம் குறைச்சு வைக்கக் கூடாதா? நான் பூ வாங்கினது தாம்பரத்துக்கே தெரியணுமா?" என்றேன்.

அவர் பூவைக் கட்டிக்கொண்டே நிமிராமல் சொன்னார். "எனக்குப் படிக்கத் தெரியாது சார். முன்னெல்லாம் போனைக் காட்டி அனுப்பிட்டேன் அனுப்பிட்டேன்னு நாலு பேரு ஏமாத்திட்டுப் போயிட்டான். இது வாயத் திறந்து சொன்னாத்தான் எனக்குக் காசு. வண்டி வர்ற சத்தத்துல இது கேக்கலேன்னா நான் என்ன பண்ணுவேன்?"

பேசாமல் பூவை வாங்கிக்கொண்டு வந்தேன். வரும் வழியில் பட்டியலைத் திருத்த வேண்டியதாயிற்று. லிப்டில் பேசும் அம்மையாரை அதிலிருந்து எடுத்தேன். எங்கள் மூன்றாவது மாடியில் பார்வையில்லாத ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அந்தக் குரல் இங்கிலீஷில் இருப்பது மட்டும்தான் அவருக்குக் குறை. 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று மூன்று மொழியில் வரும் அறிவிப்பையும் எடுத்தேன். ரயிலில் பேனாவும் அட்டை உறையும் விற்கும் பார்வையற்றவர்கள் அதைக் கேட்டுத்தான் பெட்டி மாறுகிறார்கள். பையனின் போனை எடுக்கவில்லை. விளம்பரத்தையும் எடுக்கவில்லை.

நீ மட்டும் யோக்கியமா, வானொலியில் உட்கார்ந்துகொண்டு எங்கள் வீட்டுக்குள் சத்தம் போடுகிறாயே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். சென்னையில் வானொலி 1924இல் ஒரு தனியார் சங்கமாக ஆரம்பித்தது. அது நடத்த முடியாமல் போய், 1930இல் மாநகராட்சி எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு வீடு பெட்டி ஏது அப்போது? கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி வைத்துத்தான் ஊரைக் கேட்க வைத்தார்கள். ஆக, இந்தக் குற்றத்தின் முதல் தகவல் அறிக்கையில் வானொலியின் பெயரும் இருக்கிறது.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். அங்கே பஞ்சாயத்து ரேடியோ உண்டு. ஒரு சின்ன அறை, உள்ளே பெட்டி, மேலே கூம்பு. சாயங்காலமானால் சாவி வைத்திருப்பவர் வந்து திறந்து, குமிழைத் திருகுவார். செய்தி, விவசாய நிகழ்ச்சி, பாட்டு. ஊர் முழுக்கக் கேட்கும். பரீட்சை நேரத்தில் என் தாத்தா திண்ணையில் இருந்தபடியே ஒரு குரல் கொடுப்பார்: "டேய், பசங்க படிக்குதுங்க, குறைடா!" உடனே குறையும். இழவு விழுந்த வீடு இருந்தால் யாரும் சொல்லாமலே அறை பூட்டிக் கிடக்கும்.

எனக்கு இப்போது இருக்கிற எரிச்சல் அதுதான். சத்தம் அன்றைக்கும் இருந்தது. குமிழுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தான், அவன் பெயர் நமக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு விளம்பரத்தைக் குறை என்று நான் யாரைப் பார்த்துக் கத்துவேன்? கடன் வேண்டுமா என்று கூப்பிடுகிற பெண் பதிவு செய்த குரல். நான் திட்டி முடிக்கும் வரை காத்திருந்து, 'ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும்' என்கிறது. இந்த மாதிரி அழைப்பு வேண்டாம் என்று 1909 என்ற தொலைபேசி எண்ணில் பதிந்து வைத்திருக்கிறேன். கூப்பிடுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

இவ்வளவு பேசிவிட்டு ஒன்றை மறைத்தால் நன்றாக இருக்காது. போன வாரம், அதே பெட்டி, அதே பையன். அன்றைக்கு அவன் காதில் இயர்போன். நான் சொன்னதால்தான் என்று உள்ளூரப் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். கோடம்பாக்கம் தாண்டியிருக்கும். திடீரென்று, "தாத்தா! மாத்திரை! தாத்தா! மாத்திரை!" என்று ஒரு குழந்தை வீறிட்டது. பெட்டியில் எல்லோரும் குழந்தையைத் தேடுகிறார்கள். நானும் தேடுகிறேன். சத்தம் என் பையிலிருந்து வருகிறது. முந்தின நாள் மகன் என் பேரனின் குரலைப் பதிவு பண்ணி, ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு அலாரமாக வைத்திருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை. போனை எடுத்து எங்கெங்கோ அழுத்துகிறேன். இன்னும் உரக்கக் கத்துகிறது. எதிரில் இருந்த அம்மாள், "முதல்ல மாத்திரையைப் போடுங்க சார், அது அப்பத்தான் நிக்கும்" என்றார்.

அந்தப் பையன் இயர்போனைக் கழற்றிவிட்டு, என் கையிலிருந்து போனை வாங்கி, பக்கவாட்டில் இருக்கும் பொத்தானை ஒரே ஒரு அழுத்து அழுத்தினான். நின்றுவிட்டது. "சத்தத்தைக் குறைக்கிறது இதுதான் சார்" என்று காட்டினான். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார், முடிக்கச் சொல்கிறார். முடிக்கத்தான் வேண்டும். சுவரில் மணி எட்டரை ஆகிவிட்டது. என் மாத்திரை நேரம். வெளியே அந்த மேசைமேல் என் பேரன் கத்திக்கொண்டிருப்பான், வாசலில் இருக்கிற தம்பிக்கு அந்தப் பொத்தான் தெரியுமோ என்னவோ. வருகிறேன், வணக்கம்.