பத்துப் பேர் படிக்கும் வலைப்பதிவைத் தொடரலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அன்பர்களுக்கு வணக்கம். இன்று எடுத்துக்கொள்ளும் கேள்வி, ஒரு வங்கியில் 32 ஆண்டுகள் காசாளராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற ஒரு சகோதரியிடமிருந்து வந்திருக்கிறது. அவர் எழுதியதை அப்படியே படித்துவிடுகிறேன். "பொழுதுபோக்காக ஒரு வலைப்பதிவு தொடங்கினேன். எட்டு மாதங்களில் 14 பதிவுகள் எழுதியிருக்கிறேன். ஒரு பதிவை மிஞ்சிப் போனால் பத்துப் பேர் பார்க்கிறார்கள்; அதிலும் நான்கு பேர் உறவினர்கள். இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் படிக்கிறார்கள், வீடியோ போடுங்கள் என்கிறான் மகன். வீட்டு விஷயம் வெளியே போவது என் கணவருக்குப் பிடிக்கவில்லை. எழுதுவதற்கு என் வாழ்க்கையில் அப்படி என்னதான் இருக்கிறது என்ற ஐயம் எனக்கே வந்துவிட்டது. தொடரலாமா, நிறுத்திவிடலாமா?"

சகோதரி, உங்கள் 14 பதிவுகளையும் நான் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். எனவே, உங்களைப் படித்தவர்களின் எண்ணிக்கை பதினொன்றாகிவிட்டது. தொடருங்கள் என்பதுதான் என் விடை. ஆனால் இப்போது எழுதுகிற விதத்தில் தொடர்ந்தால், இன்னும் நான்கு மாதங்களில் உங்களுக்கே சலித்துவிடும். அதற்குக் காரணம் வாசகர் இல்லாதது என்று நான் நினைக்கவில்லை. அதைத்தான் விளக்க முயல்கிறேன்.

முதலில் எண்ணிக்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலைப்பதிவு எழுத இடம் தரும் பிளாக்கர் சேவை 1999 ஆம் ஆண்டு தொடங்கியது. 2003 இல் அது கூகுளின் கைக்குப் போனது. அதே ஆண்டில், வலைப்பதிவு எழுதுவதற்கான வேர்ட்பிரஸ் வந்தது. தமிழில் வலைப்பதிவுகள் பெருகத் தொடங்கியதும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான். நான் 2006 இல் இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுவி, எழுத்து எழுத்தாகத் தட்டி, முதல் பதிவை வெளியிட்டபோது, பல வலைப்பதிவுகளின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் பட்டியலிட்ட தமிழ்மணம் என்ற திரட்டியில் நம் தலைப்பு வந்து நிற்பதைப் பார்ப்பதற்காகவே விடியும்வரை விழித்திருந்தவர்கள் உண்டு. பதிவு வந்த மறு நிமிடமே "மீ த ஃபர்ஸ்ட்டு" என்று ஒருவர் பின்னூட்டம் இடுவார். பதிவை அவர் படித்திருக்க மாட்டார். மெரினாவில் காந்தி சிலை அருகே பதிவர் சந்திப்பு நடக்கும். சுண்டல் முடிந்ததும் சந்திப்பும் முடிந்துவிடும். பிறகு முகநூல் வந்தது, கூட்டம் அங்கே போய்விட்டது. அந்தக் கூட்டம் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அன்று வந்த பின்னூட்டங்களுக்காகவே எழுதியவர்கள் பின்னூட்டம் நின்றதும் நிறுத்திவிட்டார்கள். எழுத்துக்காக எழுதியவர்களில் சிலர் இன்றும் மாதம் ஒரு பதிவாவது எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

யாரும் படிக்கவில்லை என்றால் ஒரு குறிப்பேட்டில் எழுதி அலமாரியில் வைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மனச்சுமையை இறக்கிவைக்க வேண்டும் என்றால் குறிப்பேடே போதும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், தங்களை மிகவும் வருத்திய நிகழ்வைப் பற்றி எழுதச் சொன்னார். நிகழ்வோடு தங்கள் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குச் சென்ற தடவைகள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. அந்தத் தாள்களை ஊரார் யாரும் படிக்கவில்லை; படிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆகவே கோபம், துக்கம், மனக்கசப்பு இவற்றுக்குக் குறிப்பேட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

வலைப்பதிவு வேறு வகை. முன்பின் தெரியாத ஒருவர் படிக்கக்கூடும் என்ற நினைப்போடு எழுதும்போது நம் எழுத்து மாறிவிடுகிறது. ஆன் ஃபிராங்க் என்ற சிறுமியின் நாட்குறிப்பை நீங்கள் அறிந்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளுக்கு அஞ்சி ஆம்ஸ்டர்டாமில் குடும்பத்தோடு மறைந்து வாழ்ந்த அவர், முதலில் தமக்காகவே எழுதிக்கொண்டிருந்தார். 1944 மார்ச் 28 அன்று, லண்டனிலிருந்து இயங்கிய டச்சு அரசின் அமைச்சர் ஒருவர், மக்களின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் போருக்குப் பிறகு பாதுகாக்கப்பட வேண்டும் என்று வானொலியில் பேசினார். அதைக் கேட்ட அந்தப் பெண், சில வாரங்கள் கழித்து, எழுதியதையெல்லாம் தனித்தாள்களில் திருப்பி எழுதத் தொடங்கினார். சிலவற்றை நீக்கினார், சிலவற்றை விரித்தார், ஒளிந்திருந்தவர்களுக்குப் புனைபெயர் வைத்தார். அப்போது அந்த மறைவிடத்துக்கு வெளியே அவருக்கு ஒரு வாசகர்கூட இல்லை. ஒருநாள் யாராவது படிப்பார்கள் என்ற எண்ணம் ஒன்றே, பதினான்கு வயதுப் பெண்ணைத் தன் எழுத்தைத் தானே திருத்தும் எழுத்தாளராக ஆக்கியது.

உங்களுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். உறவினர் நால்வரை விட்டுவிடுங்கள். உங்கள் பாட்டி யார், உங்கள் தெரு எது என்பது அவர்களுக்குத் தெரியும். மீதமுள்ள ஆறு பேருக்கு எதுவும் தெரியாது. அவர்களுக்கு விளங்கும்படி எழுத வேண்டும் என்றால், நீங்கள் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பதை மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த வேலையில்தான் இந்தப் பொழுதுபோக்கின் சுவை இருக்கிறது.

இனி, எழுத என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் சற்று நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிவுகளில் "முன்பெல்லாம் வாழ்க்கை எளிமையாக இருந்தது" என்ற வாக்கியம் ஐந்து இடங்களில் வருகிறது. கூட்டுக்குடும்பம், முற்றம், பாட்டி கதை, கைபேசியால் கெட்ட தலைமுறை. இவற்றை நீங்கள் எழுதியிருப்பதில் பிழை ஒன்றுமில்லை, ஆனால் இதே பதிவை வேறு ஒருவர் எழுதியிருந்தாலும் ஒரு சொல்கூட மாறியிருக்காது. இதற்கு மாறாக, ஒன்பதாவது பதிவின் நடுவே, போகிற போக்கில், "முள்பின் அடித்த நோட்டுக் கட்டைப் பிரித்துப் பிரித்து என் வலது கட்டைவிரல் நகத்தில் ஒரு பள்ளம் விழுந்தது, இன்னும் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். நீங்களோ நிற்காமல், "அது ஒரு காலம்" என்று சொல்லிவிட்டுப் பாட்டியிடம் திரும்பப் போய்விட்டீர்கள்.

அந்த நகத்தைப் பற்றி எழுதுங்கள். நோட்டுக் கட்டுகளில் ஸ்டேப்ளர் முள் அடிப்பதை நிறுத்துமாறு ரிசர்வ் வங்கி 2001 இல் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதன் பிறகு காகிதப் பட்டை வந்தது. இந்தச் செய்தி அரசு ஆவணங்களில் கிடைக்கும். ஆனால் முள்ளைக் கழற்ற எதைப் பயன்படுத்தினீர்கள், கழற்றும்போது நோட்டு கிழிந்தால் என்ன செய்தீர்கள், பட்டை வந்த முதல் வாரம் மூத்த காசாளர்கள் என்ன முணுமுணுத்தார்கள், விரலை நனைக்க வைத்திருந்த பஞ்சுக் கிண்ணத்தின் தண்ணீர் மாலையில் என்ன நிறத்தில் இருந்தது என்பவையெல்லாம் எந்த ஆவணத்திலும் இருக்காது. மாலையில் இருப்பு நேராகாமல், ஒரு நூறு ரூபாய்க்காக இரவு வரை உட்கார்ந்திருந்த நாள் உங்களுக்கு நிச்சயம் இருந்திருக்கும். அந்த நூறு ரூபாய் கடைசியில் எங்கே கிடைத்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.

இன்னொன்று. 2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. மறுநாள் வங்கிகள் பொதுமக்களுக்குத் திறக்கவில்லை. பத்தாம் தேதி திறந்தன. ஒருவர் மாற்றிக்கொள்ளும் தொகை முதலில் 4,000 ரூபாய், பிறகு 4,500, அதற்குப் பிறகு 2,000 என்று மாறியது. நடுவில் விரலில் மை வைக்கும் உத்தரவும் வந்தது. வரிசையில் நின்றவர்களைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். கவுண்டரின் உட்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எழுதியது மிகக் குறைவாகவே என் கண்ணில் பட்டிருக்கிறது. நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்தீர்கள். வரம்பு மாறிய செய்தி உங்களுக்கு எப்படி வந்தது, சுற்றறிக்கையாகவா, வரிசையில் நின்றவர் கைபேசியைக் காட்டிச் சொன்னாரா? அன்று மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? வாடிக்கையாளர் பெயரோ கணக்கு விவரமோ ஒன்றுகூட வெளியே வரக்கூடாது. ஓய்வு பெற்ற பிறகும் அந்த இரகசியம் காக்க வேண்டியது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை விட்டுவிட்டாலும் எழுத நிறைய மிஞ்சும்.

இவ்வளவு சிறிய விவரங்களை யார் தேடப்போகிறார்கள் என்று தோன்றினால், புதுச்சேரியை நினைத்துப் பாருங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு வரை, தினப்படி சேதிக் குறிப்பு எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்தவர் என்பதால் அரசியல் நிறைய இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் துறைக்கு எந்தக் கப்பல் வந்தது, யார் யாரைப் பார்க்க எந்த நேரத்தில் போனார்கள், யார் என்ன மரியாதை பெற்றார்கள் என்று, அன்றைக்கு அற்பமாகத் தோன்றியிருக்கக் கூடியவற்றையும் அவர் விடாமல் எழுதிவைத்தார். பேச்சுத் தமிழும் வணிகத் தமிழும் கலந்த நடை அது. அவர் காலமாகி எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1846 இல்தான் அந்தக் குறிப்புகள் கண்டெடுக்கப்பட்டன. பின்னர் சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அவற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டது. உங்கள் வலைப்பதிவும் அப்படி ஆகும் என்று நான் ஆசை காட்டவில்லை. நாள், இடம், விலை, பேச்சு ஆகியவற்றைக் குறித்துவைப்பவரின் எழுத்து பழையதாகப் பழையதாகச் சுவை கூடும். பொதுக்கருத்து எழுதுபவரின் எழுத்து ஆறு மாதத்திலேயே ஆறிவிடும். ஒவ்வொரு பதிவின் தலையிலும் தேதி இருப்பதால், வலைப்பதிவின் வடிவமே நாட்குறிப்பின் வடிவம்தான்.

மகன் சொல்லும் வீடியோவைப் பற்றி, வீடியோவில் உட்கார்ந்துகொண்டு நான் குறை சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பணம்தான் நோக்கம் என்றால் அவர் சொல்வது சரி. பத்துப் பேர் பார்க்கும் தனிப்பட்ட வலைப்பதிவில் விளம்பரம் வைத்துப் பயனில்லை. பொழுதுபோக்கு என்றால், எதில் உங்கள் மனம் அமைகிறதோ அதுதான் சரி. எழுத்தில் மட்டும் ஒரு வசதி உண்டு: "கோபப்பட்டேன்" என்று இரவு எழுதியதை, இரண்டு நாள் கழித்துப் பார்த்து, அது கோபமில்லை, வெட்கம் என்று கண்டுபிடித்து மாற்றலாம். இதோ, நான் இப்போது பேசியதில் எது தவறு என்பது எனக்கு நாளைக்குத்தான் தெரியும். அதற்குள் நீங்கள் கேட்டு முடித்திருப்பீர்கள்.

உங்கள் கணவரின் கவலையை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் நான் அதில் அடிபட்டவன். 2008 இல் ஓர் உறவினர் வீட்டுத் திருமணத்தில் சீர்வரிசை தொடர்பாக நடந்த சிறு சண்டையை, பெயர்களை மாற்றி, நகைச்சுவையாக எழுதினேன். பெயர் மாறியது, ஆனால் சித்தப்பா கோபத்தில் பந்தியிலிருந்து பாயசக் கிண்ணத்தோடு எழுந்து போனதை மாற்றாமல் விட்டுவிட்டேன். அந்தக் கிண்ணம் காட்டிக்கொடுத்துவிட்டது. இரண்டு ஆண்டுகள் அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு அழைப்பே வரவில்லை. பதிவை நீக்கிவிட்டேன், அதற்குள் யாரோ அதை அச்செடுத்து அவரிடம் கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதினால், வெளியிடுவதற்கு முன் அவரிடமே படித்துக் காட்டுவேன். படித்துக் காட்டத் தயக்கமாக இருந்தால் வெளியிட மாட்டேன். உங்கள் கணவருக்கும் அவ்வாறே படித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்பதை எடுத்துவிடுங்கள். என் அனுபவத்தில், மூன்றாவது பதிவுக்குள், "அது செவ்வாய்க்கிழமை இல்லை, புதன்கிழமை" என்று அவரே திருத்தம் சொல்லத் தொடங்கிவிடுவார். சொந்தப் பெயரிலா புனைபெயரிலா என்பதையும் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். புனைபெயர் வைத்தாலும் ஊரும் வங்கியும் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நான் முதன்முதலில் எழுதிய இலவசச் சேவை ஒருநாள் மூடப்பட்டது. அறிவிப்பு மின்னஞ்சலை நான் பார்க்கவில்லை. அறுபதுக்கு மேற்பட்ட பதிவுகள் போயின. உங்கள் வலைப்பதிவின் அமைப்புப் பக்கத்தில், எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக நகல் எடுக்கும் வசதி இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை எடுத்துப் பென் டிரைவில் வையுங்கள். 32 ஆண்டுகள் மாலைதோறும் இருப்புச் சரிபார்த்துப் பெட்டகத்தைப் பூட்டிய உங்களுக்கு அது பெரிய வேலையாக இருக்காது. பிறகு அந்த நூறு ரூபாய்ப் பதிவை எழுதியதும், அதன் முகவரியை இந்தக் காணொளியின் கீழே இடுங்கள். நான் வந்து படிக்கிறேன்.