தட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

வணக்கம், நேயர்களே.

மனநலப் பிரிவில் 22 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், "ஆஸ்பத்திரியில் நீ என்னதான் செய்கிறாய்?" என்று என் சித்தி கேட்டார். "உட்கார்ந்திருக்கிறேன், சித்தி" என்றேன். வரிசையே சிரித்தது. நான் கேலிக்காகச் சொல்லவில்லை. ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும் சில நிமிட வேலை. மீதி நேரமெல்லாம் பதறுகிறவர் பக்கத்தில் பதறாமல் உட்கார்ந்திருப்பதுதான். இந்த உட்காருதலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். நான் சொல்லும் மனிதர்களை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இரவு 11 மணிக்கு ஒரு ஆட்டோ ஓட்டுநரைத் தூக்கிவந்தார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். வியர்வையில் சட்டை நனைந்திருந்தது. "உயிர் போகிறது சிஸ்டர், பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்" என்றார். இ.சி.ஜி. எடுத்தோம், இரத்தம் பரிசோதித்தோம். இதயத்தில் கோளாறு இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்தார். இதற்குப் பெயர் பீதித் தாக்குதல். அந்த மாதத்தில் அவருக்கு இது மூன்றாவது முறை. முன்பு போன இரண்டு இடங்களிலும் "உங்களுக்கு ஒன்றுமில்லை, போங்கள்" என்று அனுப்பியிருக்கிறார்கள். இந்த "ஒன்றுமில்லை" என்ற சொல்லை மருத்துவமனைகளிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. படபடக்கிற நெஞ்சு அவருடையது; ஒன்றுமில்லை என்று நாம் எப்படிச் சொல்வது?

செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவைப் பற்றியே 1952-ல் ஒரு நூல் எழுதியவர் அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்ளா. பதற்றத்தை அவர் நான்கு படிகளாகப் பார்த்தார். முதல் படியில் இருப்பவருக்குப் புத்தி கூர்மையாகவே இருக்கும். பரீட்சைக்கு முந்தின இரவு நமக்கெல்லாம் வருவது அதுதான். இரண்டாம் படியில் கவனம் சுருங்கும். மூன்றாம் படியில் ஒரே ஒரு விஷயம் மட்டும் கண்ணில் நிற்கும். நான்காம் படியான பீதியில் எந்த அறிவுரையும் உள்ளே நுழையாது. அந்த ஆட்டோக்காரர் நான்காம் படியில் இருந்தார். அவரிடம் போய் யோகாவின் நன்மைகளை விளக்கினால் யாருக்கு என்ன பயன்? "நான் இங்கேயே இருக்கிறேன். மெதுவாக மூச்சை விடுங்கள். இன்னும் மெதுவாக." இவ்வளவுதான் பேசினேன். பீதி பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சிக்குப் போய், பிறகு தானாகவே இறங்கத் தொடங்கும். அது இறங்கும் என்பதை அவர் தன் உடம்பிலேயே பார்க்க வேண்டும். அதுவரை நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கக் கூடாது.

இதே பதற்றம் சோற்றுத் தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்?

பிளஸ் டூ படிக்கும் பெண் அவள். எலும்பும் தோலுமாக வந்தாள். கை ஐஸ் போலச் சில்லிட்டிருந்தது. முதுகிலும் கையிலும் பூனைமுடி போல மெல்லிய ரோமம் வளர்ந்திருந்தது. பட்டினி கிடக்கும் உடம்பில் அப்படி முளைப்பதுண்டு. மாதவிலக்கு நின்று பல மாதங்கள் ஆகியிருந்தன. நாடித்துடிப்பு மிகவும் குறைந்திருந்தது. அதற்குள் வயிற்று மருத்துவரைப் பார்த்து எண்டோஸ்கோபியும் செய்து, கோவிலில் மந்திரித்துக் கயிறும் கட்டியாகிவிட்டது. அவள் ஒருமுறைகூட "குண்டாகிவிடுவேன்" என்று சொல்லவில்லை. "வயிறு உப்புசமாக இருக்கிறது அக்கா, இறங்கமாட்டேன் என்கிறது" என்றுதான் சொன்னாள். உணவை ஒதுக்கிப் பட்டினி கிடக்கும் இந்த மனநோய்க்குப் பெயர் அனோரெக்சியா. பாடப் புத்தகங்கள் குண்டாகிவிடுவோமோ என்ற அச்சத்தையே பெரிதாக எழுதியதால், இப்படி வயிற்றைச் சொல்லி வருகிறவர்களைத் தவறவிடுவது எளிது. ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீ 1990-களின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்து எழுதினார்: அங்கே வந்த நோயாளிகளில் பலர் எடையைப் பற்றிப் பேசவே இல்லை, வயிற்றைப் பற்றித்தான் பேசினார்கள்.

அவள் அம்மா ஒரு விசித்திரத்தைச் சொன்னார். "தான் சாப்பிடமாட்டாள் சிஸ்டர், ஆனால் நாள் முழுக்கச் சமையல் வீடியோ பார்ப்பாள். தம்பிக்கு வகைவகையாகச் செய்துபோட்டு, அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்." நான் அவருக்கு ஒரு பழைய ஆய்வைச் சொன்னேன். 1944-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், ஆன்செல் கீஸ் என்ற அறிவியலாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். அவர்கள் தாங்களாகவே முன்வந்தவர்கள். ஏறத்தாழ ஆறு மாதம் அரைப்பட்டினி. உடல் எடையில் கால் பங்கு போயிற்று. அந்த ஆண்பிள்ளைகள் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். கொடுத்த கொஞ்சத்தைத் துண்டுதுண்டாக்கி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். எரிச்சலும் சோர்வும் வந்தன. அதாவது, நாம் பிடிவாதம் என்று திட்டுகிறவற்றில் பாதி, பட்டினி செய்கிற வேலை. அம்மா அழுதார். அதுவரை மகளை அழுத்தக்காரி என்றே நினைத்திருந்தாராம்.

மறுநாள் நெய் மிதக்கும் பொங்கலோடு வந்துவிட்டார். வாங்கி ஓரமாக வைத்தேன், அவருக்குக் கோபம். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய உணவு போனால், இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சரிந்து இதயமே நிலைகுலையலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில், வயிறார உண்ட பிறகு இறந்தவர்கள் உண்டு. ஆகவே அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவோம். முதல் நாட்களில் இரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., வைட்டமின் எல்லாம் மருத்துவர் மேற்பார்வையில் நடக்கும். இதை வீட்டில் தாமாகச் செய்து பார்க்க வேண்டாம்.

காலையில் எடை பார்ப்பது தனிச் சடங்கு. பலகாரத்துக்கு முன்பு, ஒரே மாதிரி அங்கியில், எண் அவள் கண்ணில் படாதபடி முதுகைத் திருப்பி நிற்க வைப்போம். ஒரு நாள் அங்கிக்குள் ஏதோ கனமாகத் தொங்கியது. பீரோவுக்குப் போடும் பூட்டு! எடை ஏறிவிட்டதாகக் காட்டிவிட்டால் இட்லியைக் கூட்டமாட்டார்கள் என்ற கணக்கு. இளம் செவிலியர் ஒருவர் "ஏமாற்றுகிறாள் மேடம்" என்றார். நாய்க்குப் பயந்து மரத்தில் ஏறுகிறவரை ஏமாற்றுக்காரர் என்போமா? பூட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "சாவி எங்கே?" என்று மட்டும் கேட்டேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இனி தட்டு. இரண்டு இட்லி, கொஞ்சம் சாம்பார், அரை மணி நேரம். எதிரில் உட்காரமாட்டேன், எதிரில் இருந்தால் அது விசாரணை போல ஆகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு இட்லி சாப்பிடுவேன். இட்லியை அவள் பட்டாணி அளவுக்குப் பிய்ப்பாள். சாம்பாரை விளிம்புக்கு ஒதுக்குவாள். நான் பேசுவது மழை, தம்பியின் கிரிக்கெட். உணவைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. இதைப் பட்டுத்தான் கற்றேன். வேலையில் சேர்ந்த புதிதில், வேறொரு பெண்ணிடம் "அட, முழுத் தட்டையும் முடித்துவிட்டாயே!" என்று பாராட்டினேன். அன்று மதியம் அவள் தட்டைத் தொடவில்லை. தோற்றுவிட்டோம் என்று அவளுக்குக் கேட்டிருக்கிறது. "இப்போதுதான் முகத்தில் சதை பிடித்திருக்கிறது" என்று பார்க்க வரும் அத்தைமார் சொல்வதும் அப்படித்தான் கேட்கும்.

சாப்பிட்டு முடித்த அடுத்த ஒரு மணி நேரம்தான் மலை. வாந்தி எடுக்கத் தோன்றும், நடந்து நடந்து கரைக்கத் தோன்றும். அந்த நேரத்தில் குளியலறைக்குத் தனியாக அனுப்பமாட்டோம். வாந்தியெடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் பலர் பார்க்கச் சரியான எடையிலேயே இருப்பார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது. தொண்டைக்குள் விரல் விடும்போது பல் பட்டுப் பட்டு, சிலருக்கு விரல் முட்டியில் காய்ப்பு இருக்கும். புலிமியா என்ற அந்த நோயைப் பற்றி 1979-ல் எழுதிய மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸல் அந்தத் தழும்பையும் குறித்தார். கைகுலுக்கும்போது நான் முட்டியைப் பார்ப்பது அதனால்தான்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு என்னிடம் மருந்து பல்லாங்குழி. அவள் நன்றாக அழுகுணி ஆட்டம் ஆடுவாள். நான் பார்க்காதபோது புளியங்கொட்டையைத் தன் குழிக்குத் தள்ளிவிடுவாள். முதல் வாரம் கை நடுங்கி விதைகள் சிதறின. "எவ்வளவு பயம், பத்துக்கு எத்தனை?" என்று இடையிடையே கேட்பேன். ஒன்பது என்பாள். இருபது நிமிடம் கழித்து ஏழு. ஒரு மணி நேரத்தில் நான்கு. யாரும் அதைக் குறைக்கவில்லை. ஆட்டோக்காரரின் நெஞ்சில் இறங்கியது போலவே இறங்கியது.

வீட்டுக்குப் போகும் நாளில் அம்மா கேட்டார்: "இனி எல்லாம் சரியாகிவிடுமா சிஸ்டர்?" மாதக்கணக்கில் ஆகும், நடுவில் சறுக்கலும் வரும் என்று சொன்னேன். பிள்ளைகளின் உணவுப் பொறுப்பைச் சிலகாலம் பெற்றோரே ஏற்கும் முறை, 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவாகிப் பல நாடுகளுக்குப் பரவியது. "இனி என் நாற்காலி உங்களுக்கு" என்றேன். "காலையும் இரவும் நான் இருப்பேன். மதியம் பள்ளிக்கூடத்தில் யார் உட்காருவது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளிப் பெரியம்மா வீடு இருந்தது. ஒரு தவணை முழுக்க மதியச் சாப்பாடு அங்கே என்று முடிவாயிற்று. பெரியம்மாவை வரவழைத்து, என்னென்ன பேசக் கூடாது என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினேன்.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, எந்நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. மயக்கம், நெஞ்சுவலி, கால்வீக்கம், வாந்தியில் இரத்தம் இருந்தால் தொலைபேசியில் நேரம் கடத்தாமல் நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நன்றி, வணக்கம்.