22 மணி நேரக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

நான் சேலத்தில் பல் சீரமைப்பு மருத்துவராக இருக்கிறேன். பல் பிடுங்குவதும் சொத்தை அடைப்பதும் என் வேலை இல்லை. கோணல்மாணலாக நிற்கும் பல்லை வரிசைக்குக் கொண்டுவருவது மட்டும்தான். ஊர் வழக்கில் சொன்னால், ‘கிளிப் போடுற டாக்டர்’.

முன்பெல்லாம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள், “கிளிப் போடணுமா, வேண்டாமா?” என்று கேட்பார்கள். கூடவே ஒரு அத்தை வந்து உட்கார்ந்து, “தெத்துப்பல் அதிர்ஷ்டமாச்சே, அதைப் போய் ஏன் சரி பண்றீங்க?” என்பார். இப்போது அத்தைகளின் குரல் கொஞ்சம் அடங்கிவிட்டது. அம்மாவோ அப்பாவோ கைப்பேசியை நீட்டி ஒரு விளம்பரத்தைக் காட்டுகிறார்கள். “டாக்டர், இந்தக் கண்ணுக்குத் தெரியாத கிளிப் இருக்கே, அது எங்க பொண்ணுக்குப் போடலாமா?” இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் இந்த ஒரு கேள்வியைத்தான் பேசப் போகிறேன்.

அதற்கு அலைனர் என்று பெயர். கண்ணாடி போலத் தெளிவான, மெல்லிய பிளாஸ்டிக் உறை. பல்வரிசையின் மேல் தொப்பி மாட்டியது போல இறுக்கமாக உட்காரும். ஒரு ஜோடியை ஒன்று அல்லது இரண்டு வாரம் போட வேண்டும். அதற்குள் பல் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நகரும். அப்புறம் அடுத்த ஜோடி. இப்படியே சிலருக்கு இருபது ஜோடி, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ‘கண்ணுக்குத் தெரியாது’ என்பது முழு உண்மை இல்லை. உறை பல்லைப் பிடித்துத் திருப்புவதற்காகப் பல்லின் மேல் அரிசி அளவுக்குச் சின்னச் சின்ன மேடுகளை ஒட்டுவோம். பல் நிறத்தில்தான் இருக்கும், ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவருக்குத் தெரியும்.

இந்தச் சாதனம் பிள்ளைகளுக்காகப் பிறந்ததில்லை. 1997இல் அமெரிக்காவில் ஜியா சிஷ்டி, கெல்சி விர்த் என்ற இரண்டு பேர் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனம்தான் ‘இன்விசலைன்’ என்ற பெயரில் இதைப் பரவலாக்கியது. பெரியவர்களை மனதில் வைத்துத்தான் தொடங்கினார்கள். பெரியவர்களுக்குத் தாடை வளர்ச்சி முடிந்திருக்கும், எல்லாப் பல்லும் முளைத்திருக்கும், காசும் அவர்களுடையதே. பதின்பருவத்துக்கென்று தனி வகை 2008இல் வந்தது. அதில் புதிதாக என்ன சேர்த்தார்கள் தெரியுமா? ஒரு நீலப் புள்ளி. போட்டிருக்கப் போட்டிருக்க அது மங்கும். பிள்ளை போட்டிருந்தானா இல்லையா என்று டாக்டர் பார்த்துக்கொள்ளலாம். சாதனம் செய்தவர்களுக்கே எங்கே இடிக்கும் என்று தெரிந்திருக்கிறது. நம் பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? குளிர்பானத்தில் ஊறப்போட்டாலும் அந்தப் புள்ளி மங்கிவிடும்.

சரி, யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்போம்.

பிள்ளை இப்போது பக்கத்தில் இருந்தால், பின்பற்களைக் கடித்துக்கொண்டு ‘ஈ’ என்று சொல்லச் சொல்லுங்கள். நேரே பார்க்காதீர்கள், பக்கவாட்டில் பாருங்கள். மேல்வரிசை முன்பல்லுக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கிறதா? இருந்தால், அது பல் தூக்கியிருப்பதால் மட்டும் வந்ததாக இல்லாமல் போகலாம். கீழ்த்தாடை பின்தங்கியிருக்கலாம். தாடையின் கோளாறைப் பல்லை மட்டும் நகர்த்திச் சரிசெய்வது, அஸ்திவாரம் ஒருபக்கம் இறங்கியிருக்க சுவருக்குப் பூச்சு வேலை பார்ப்பது போல.

இதற்கு ஒரு காலக்கெடு உண்டு. பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 10 வயதிலிருந்து 13 வரை, பையன்களுக்கு 12 முதல் 15 வரை உடம்பு மடமடவென்று வளரும். பேன்ட் மூன்று மாதத்தில் கணுக்காலுக்கு மேலே ஏறுகிற காலம். அப்போது கீழ்த்தாடையை முன்னே வைத்துப் பழக்குகிற சாதனங்கள் நன்றாக வேலை செய்யும். நாங்கள் அதிகம் கொடுப்பது ‘ட்வின் பிளாக்’. ஸ்காட்லாந்தில் ஒரு டாக்டர் கண்டுபிடித்தது. இதே வேலையைச் செய்யும் அலைனர்களும் வந்திருக்கின்றன. எதுவாக இருந்தாலும் அந்த வளர்ச்சிக் காலத்துக்குள் செய்தாக வேண்டும். பிள்ளையிடம் வளர்ச்சி இன்னும் மிச்சம் இருக்கிறதா என்பதைப் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கழுத்தெலும்பின் வடிவத்தைப் பார்த்துச் சொல்வோம். “பல்லுக்கு வந்தா கழுத்தை எதுக்கு படம் எடுக்குறீங்க?” என்று கேட்காத பெற்றோரே இல்லை.

இன்னொன்று, முளைக்காத பல். சிங்கப்பல் என்கிறோமே, மேலே அது 11, 12 வயதில் வரும். 13 முடிந்தும் வரவில்லை என்றால் எலும்புக்குள் எங்கேயாவது படுத்திருக்கலாம். ஈறைத் திறந்து, அந்தப் பல்லில் ஒரு சின்னச் சங்கிலி ஒட்டி, மெல்ல இழுத்துக்கொண்டுவர வேண்டும். அதற்குக் கம்பிதான், அதாவது வழக்கமான உலோகக் கிளிப்தான், கை கொடுக்கும். அதேபோல, உருண்டையான சிறு கடைவாய்ப்பல் நன்றாகத் திரும்பி நின்றால் பிளாஸ்டிக் அதைப் பிடிக்கத் திணறும், எண்ணெய்க் கையால் பாட்டில் மூடியைத் திருகுவது போல. நாலு பல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தை மூடும் சிகிச்சையிலும் வேர்கள் சாய்ந்துவிடாமல் பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் அலைனரில் செய்யவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். கம்பியில் செய்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வரும், அவ்வளவுதான்.

கொஞ்சம் நெருக்கம், கொஞ்சம் இடைவெளி, லேசான தூக்கல் என்றால் அலைனர் அழகாகச் செய்யும். பள்ளிப் பிள்ளைகளில் கணிசமானவர்கள் இந்த வகைதான். ஆக, பல்லைப் பொறுத்தவரை பாதிப் பேருக்கு ‘போடலாம்’ என்று சொல்லிவிடலாம். பிள்ளையைப் பொறுத்தவரை?

அலைனரை ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். நல்ல பிள்ளை 22 மணி நேரம் போடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 2 மணி நேரம், அதாவது 120 நிமிடம். இந்த ஊர்ப் பிள்ளையின் நாளோடு அதைப் பொருத்திப் பாருங்கள். காலையில் பள்ளி வேன் வருவதற்குள் இட்லி, பல் தேய்ப்பு: 25 நிமிடம். மதியச் சாப்பாடு, வாய் கொப்பளிப்பு, பேச்சு: 35. ராத்திரி தோசை, அப்புறம் பல் தேய்ப்பு: 30. மிச்சம் அரைமணி. டியூஷன் முடிந்து வரும் வழியில் தட்டுவடை செட் கடை இருக்கிறதே, அதற்கு? சேலத்துக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு தட்டுவடைக்கு நடுவே கேரட்டும் பீட்ரூட்டும் சட்னியும் வைத்துத் தருவார்கள். ஒரு செட்டோடு யாரும் எழுந்ததாக எனக்குத் தெரியவில்லை. அலைனரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றால், அரைமணி எங்கே போனது என்று தெரியாது. கம்பி போட்ட பிள்ளைக்கும் தட்டுவடை ஆகாது, பல்லில் ஒட்டிக் கம்பியைத் தாங்குகிற பிராக்கெட் தெறித்துவிடும். ஆனால் தெறித்தது அடுத்த நாளே தெரிந்துவிடும். அலைனரில் போன மணிகள் அப்படித் தெரிவதில்லை.

எனக்குத் தெரியவந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். தப்பு என்னுடையதுதான்.

14 வயதுப் பையன். பல் அலைனருக்கென்றே செய்தது போல இருந்தது. அப்பா, “எது நல்லதோ அதையே போடுங்க, பணம் பிரச்சினை இல்லை” என்றார். போட்டேன். நாலாவது, ஐந்தாவது தடவை வந்தபோது மேல்வரிசைப் பல் ஒன்றின் நுனிக்கும் உறைக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கீற்று தெரிந்தது. பல் உறைக்குள் முழுசாக உட்காரவில்லை என்று அர்த்தம். பழைய ஜோடியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு வாரம் வாயில் கிடந்த அலைனர் மங்கியிருக்கும், கடித்த இடத்தில் கீறல் இருக்கும், ஓரத்தில் காவி படிந்திருக்கும். இது இன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து எடுத்தது போலப் பளபளவென்று இருந்தது. “தம்பி, எப்போ போடுவே?” என்று கேட்டேன். ரொம்ப நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். “இங்க வர்ற அன்னிக்கு பஸ்ல” என்றான்.

அவன் மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தபோதுதான் உறைத்தது: முதல் நாளிலிருந்து அவனிடம் நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவன் பல் கோணல் என்று அவன் அம்மாவுக்குத் தோன்றியது, அப்பா பணம் கட்டினார், நான் அளவெடுத்தேன். வாய் மட்டும்தான் அவனுடையது. கடைசியில் கம்பிக்கு மாற்றினோம். ஒரு வருடமும் நிறையப் பணமும் போயின. உறைக்குள் சென்சர் வைத்துப் பார்த்த ஆய்வுகளிலும் இதேதான் தெரிகிறது. கழற்றி மாட்டுகிற எதையும் பிள்ளைகள் டாக்டர் சொன்ன நேரத்தைவிடக் குறைவாகத்தான் போடுகிறார்கள், தாங்கள் சொல்லிக்கொள்வதைவிடவும் குறைவாக.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பெற்றோரைப் பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசுவேன். போன வருடம் ஒரு பெண் வந்தாள். அரங்கேற்றம் வருகிறது, கம்பி தெரியக்கூடாது, அலைனர்தான் வேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக இருந்தார். அம்மா கதவைத் தாண்டியதும் அந்தப் பெண் சொன்னாள்: “கழட்டுற மாதிரி குடுக்காதீங்க டாக்டர். இந்த வருஷம் மட்டும் மூணு ஜியாமெட்ரி பாக்ஸ் தொலைச்சிருக்கேன்.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “கம்பியில கலர் ரப்பர் போடுவீங்களாமே?” என்று கேட்டாள். கம்பிதான் போட்டோம். நீலமும் ரோஸும்.

அலைனர் பக்கமும் நியாயம் உண்டு. பல் தேய்ப்பது சுலபம். கம்பியைச் சுற்றிச் சாதம் சிக்கி, சரியாகத் தேய்க்காமல் விட்டு, கம்பி கழற்றும் நாளில் பல்லில் சுண்ணாம்பு வைத்தது போல வெள்ளைத் தழும்பு தெரிகிற பிள்ளைகள் நிறைய. வாய்க்குள் கம்பி குத்தாது. ஆனால் அலைனரைப் போட்டுக்கொண்டே டீயோ பாட்டில் ஜூஸோ குடித்தால் சர்க்கரை உறைக்குள் தேங்கிவிடும், எச்சில் போய்க் கழுவ முடியாது. பல் சர்க்கரையில் ஊறிச் சொத்தையாகும். தண்ணீர் ஒன்றுதான் குடிக்கலாம், அதுவும் சூடாக வேண்டாம். சுடுதண்ணீரில் கழுவினால் உறை நெளிந்துவிடும். பாட்டி பாசத்தோடு வெந்நீரில் போட்டுக் கழுவிய இரண்டு ஜோடிகளை என் மேசை டிராயரில் இன்னும் வைத்திருக்கிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புத் திட்டு இருக்கும். அந்தப் பல்லில் ஒட்டுவது எதுவும் எளிதில் பிடிக்காது. பிராக்கெட்டும் விழும், அலைனருக்கான மேடும் விழும். இதை முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. உலோகக் கம்பி சில பத்தாயிரங்களில் முடியும். முழு அலைனர் சிகிச்சை பெரும்பாலும் லட்சத்தைத் தாண்டும். விலை கூடியது என்பதற்காகப் பல் கூடுதல் அழகாக நிற்காது. தொலைந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சாப்பிடும்போது டிஷ்யூவில் சுற்றி வைப்பார்கள், அது இலையோடு குப்பைக்குப் போகும். போய்விட்டால் உடனே முந்தைய ஜோடியை மாட்டிக்கொண்டு டாக்டருக்கு ஃபோன் செய்ய வேண்டும். திட்டு விழும் என்று ஒரு வாரம் மறைத்தால் பல் திரும்பிப் போய்விடும்.

எக்ஸ்ரேயும் இல்லாமல், டாக்டர் வாயைப் பார்க்காமலும், தபாலில் வரும் அலைனர்கள் வேண்டாம். அமெரிக்காவில் ‘ஸ்மைல் டைரக்ட் கிளப்’ என்ற நிறுவனம் தபால் வழியே அலைனர் விற்றது. 2023 டிசம்பரில் கடையை மூடியது. பாதிப் பல் நகர்ந்த நிலையில் இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இங்கே யாரிடம் போனாலும், பி.டி.எஸ். முடித்து அதற்கு மேல் மூன்று வருடம் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரா என்று கேளுங்கள். கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். அப்புறம் அலைனரோ கம்பியோ, முடிந்த பிறகு, பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கிற ரிட்டெய்னரை ராத்திரியில் போட்டே ஆக வேண்டும். அது வருடக் கணக்கில் தொடரும்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்பவர்களுக்கு நான் ஒரு ஒத்திகை கொடுக்கிறேன். செலவில்லாதது. ஒரு வாரம் அலைனர் போட்டிருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் மொத்தம் 120 நிமிடம்தான் சாப்பிட, குடிக்க, பல் தேய்க்க. நடுவில் தண்ணீர் தவிர எதுவும் வாயில் போகக்கூடாது. எப்போது ‘கழற்றினோம்’, எப்போது ‘மாட்டினோம்’ என்று பிள்ளையே ஒரு நோட்டில் எழுத வேண்டும். அம்மா எழுதக்கூடாது.

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு வாரம் கழித்து நோட்டோடு வந்தான். ஆறு நாள் கணக்கு 120-க்குள்ளேயே இருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் 170. அதற்கு நேரே பென்சிலில் எழுதியிருந்தான்: ‘தட்டுவடை செட், 3. கார்த்தி ட்ரீட்.’ அழிக்கவில்லை. அவன் அப்பா நோட்டைப் பார்த்துவிட்டு, “பாத்தீங்களா, இவனுக்குச் சரிப்படாது டாக்டர்” என்றார். நான் அவனுக்கு அலைனருக்கு அளவெடுத்தேன்.

நன்றி, வணக்கம்.