ம்யூனிக் சர்ச்ல கேட்ட ச-ப-ச-ப

வணக்கம் மக்களே! ம்யூனிக்ல இப்ப ராத்திரி ஒன்பதே கால். பின்னாடி தெரியுதே, அது எங்க வீட்டுப் பக்கத்து சர்ச். இப்பதான் வெளிய வர்றேன். கச்சேரி நேரத்துல போனை எடுக்கக் கூடாதுன்னு வாசல்லயே சொல்லிட்டாங்க. அதனால காட்ட ஒன்னும் இல்ல, நான் பேசுறதைத்தான் கேட்டாகணும்.

ஆர்கனும் பரோக் வயலினும் (முந்நூறு வருஷத்துக்கு முந்தின பாணி வயலின்), மொத்தமே ரெண்டு பேர். ஆர்கன்னதும் மாடியில சுவர் முழுக்க குழாய் நிக்குமே, அதுதான்னு நினைச்சேன். இல்ல. பீடத்துக்குப் பக்கத்துல இடுப்பு உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. அதுக்குள்ளயும் குழாயும் காத்தும்தான். பெருசை ஏன் விட்டாங்கன்னா, சுருதி. மேல இருக்கிறதுல ‘ஏ’ங்கிற ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வு. பரோக் வயலின் 415, நம்ம பேச்சுல அரைக்கட்டை கீழ. அத்தனை குழாயையும் யாரு இறக்குறது? இந்தப் பெட்டியில கீபோர்டை அப்படியே ஒரு கீ நகர்த்தினா போதும்.

வாசிச்சது ஹைன்ரிஷ் பீபர் எழுதின இசை. 1704-ல இறந்தவர், சால்ஸ்பர்க்ல பிஷப் அரண்மனையில வேலை. ஜெபமாலை சொல்லும்போது இயேசு, மரியா வாழ்க்கையில இருந்து நினைக்கிற பதினஞ்சு நிகழ்ச்சிக்கு மறைபொருள்னு பேர். அது ஒவ்வொன்னுக்கும் ஒரு சொனாட்டா, அதாவது பாட்டில்லாத வாத்திய இசை, எழுதி வச்சிருக்கார். அந்தக் கையெழுத்துப் பிரதி இருக்கிறது இதே ஊர் ஸ்டேட் லைப்ரரியில. அச்சுல வந்தது 1905-லதான்!

இப்ப விஷயத்துக்கு வர்றேன். முதல் சொனாட்டாவைத் தவிர மீதி பதினாலுக்கும் தந்தியோட சுருதியை மாத்தணும். ஆட்டுக்குடல் தந்தி வேற, முறுக்கினதும் நிக்காது, நழுவிக்கிட்டே இருக்கும். அதான் வயலின் வாசிச்ச அந்தம்மா மேசையில ரெண்டு வயலின் வச்சிருந்தாங்க.

பதினொன்னாவது சொனாட்டா, இயேசுவோட உயிர்ப்பு. அதுல நடுத்தந்தி ரெண்டையும் இடம் மாத்திக் கட்டணும். தந்தியைத் தாங்குற பிரிட்ஜுக்குப் பின்னாடி ஒன்னு மேல ஒன்னு ஏறி சிலுவை மாதிரி நிக்கும். வாசிக்கிறவங்களுக்குத்தான் அது தெரியும், பெஞ்சுல இருக்கிற நமக்குத் தெரியாது. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது.

அந்த நாலு தந்தி என்ன தெரியுமா? ஜி, ஜி, டி, டி. சின்ன வயசுல மூணு வருஷம் வயலின் கத்துக்கிட்டு விட்டவன் நான். ஜியை ச-ன்னு வச்சா டி நமக்கு ப. இடம் மாத்திக் கட்டின அந்தச் சிக்கலை எடுத்து வரிசையாக் கட்டினா மந்திர ச, ப, மத்திய ச, ப. அப்படியே நம்ம கர்னாடக வயலின் சுருதி! சத்தியமா பெஞ்சுல நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன். அவர் நம்மகிட்ட எடுத்தார், நாம அவர்கிட்ட எடுத்தோம்னு கமென்ட்ல ஆரம்பிச்சுடாதீங்க, அப்படியெல்லாம் இல்ல.

கடைசியா பஸகாலியா, அதாவது ஒரு சின்ன ஸ்வர வரிசை அடியில திரும்பத் திரும்ப வர்ற இசை. ஆர்கன்காரர் கையைக் கட்டிக்கிட்டார், வயலின் மட்டும். ச-நி-த-ப, இறங்குற அந்த நாலே ஸ்வரம், 65 தடவை. இருபது வரைக்கும் எண்ணினேன், அப்புறம் எண்ணத் தோணல.

முடிஞ்சதும் அந்தம்மாகிட்ட போய் என் அரைகுறை ஜெர்மன்ல ச-ப கதையைச் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே, உயிர்ப்புக்கு தந்தி மாத்திக் கட்டின அந்த வயலினை எடுத்து ஒவ்வொரு தந்தியா மீட்டினாங்க. ச. அடுத்தது ப-ன்னு என் காது காத்துக்கிட்டு நிக்குது, வந்து விழுந்தது மேல் ச!